மூலைக் கேள்வி

பிப்ரவரி 3

அடி பூசணி,

எப்படி இருக்கிறாய்? உன் அப்பாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இரண்டுக்கும் பதில் எழுது, ஆனால் அதற்கு முன்னால் உட்கார்ந்துகொள். கட்டுரை பத்திரிகையில் வந்துவிட்டது! மூன்று தடவை திருப்பி அனுப்பி என் மூக்கை உடைத்தவர்கள், நாலாவது தடவை போனால் போகிறது என்று வாங்கிக்கொண்டார்கள். காலையிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வீட்டுக்காரர் அதை அச்செடுத்து ஃப்ரிட்ஜ் கதவில், மகள் வரைந்த ஐந்துகால் யானைக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார். கட்டட வரைபடம் போடுகிற மனிதர் அல்லவா, நின்று பார்த்துவிட்டு, "நாலாவது படம் மட்டும் ஏதோ ஒட்டாம நிக்குதே" என்றார். என் கையில் கரண்டி இருந்தது. தப்பித்துக்கொண்டார்.

வைவாவில் கேட்டால் வாயால் விளக்கப் பழகலாம் என்று மகளுக்கு எல்லாவற்றையும் விளக்கிப் பார்த்தேன். "ஒரு பாக்டீரியா இருக்கு. அதுக்கு சர்க்கரை குடுக்கறோம். பாதியை வச்சுக்கிட்டு, மீதியைப் பக்கத்து சந்து வழியா புளிப்பா வெளிய கொட்டிடுது. அந்த சந்தை அடைச்சிட்டா, சர்க்கரை எல்லாம் அம்மா போட்ட புது ரோட்டுல போய் ரோஜா வாசனையா மாறிடும்." உடனே கேட்டாள்: "சந்தை யாரும்மா அடைச்சது?" பூசணி சித்தி என்றேன். உண்மைதானே. சந்தை அடைத்த பாக்டீரியா ஸ்ட்ரெயினை உன் லேப் ஃப்ரீசரிலிருந்து எடுத்து நீ அனுப்பாவிட்டால் எனக்கு ஏது மூன்று மடங்கு வாசனை? நன்றிப் பக்கத்தில் உன்னை முதல் வரியில் போட்டிருக்கிறேன். கைடு முறைத்தார். முறைக்கட்டும்.

இனி ஆய்வேடு ஒன்றுதான் பாக்கி. இது மூன்றாவது கால நீட்டிப்பு, மே 31க்குள் கொடுத்தாக வேண்டும். அதற்குமேல் ஒரு நாள் தள்ளினாலும் பதிவிலிருந்து என் பெயரை எடுத்துவிடுவார்கள், எட்டு வருடமும் அதோடு போச்சு. ஆனால் கட்டுரை வந்த பிறகு என்ன பயம்? அதையே மூன்று அத்தியாயமாக இழுத்து எழுதிவிடுவேன்.

மின்னஞ்சல் இருக்கும்போது எதற்கு இந்தக் காகிதம் என்று இவர் கேட்கிறார். அதில் லேப் விஷயமே எழுதி எழுதி, உன்னிடம்கூட 'கீழ்க்காணும் இணைப்பைப் பார்க்கவும்' என்று பேசிவிடுவேனோ என்று பயம், அதனால்தான்.

உன்
ஒட்டடை


பிப்ரவரி 11

என் அருமை ஒட்டடைக்குச்சிக்கு,

முதலில் ஒரு முத்தம். பிறகு ஒரு குட்டு. எட்டு மணி நேர ரயில் தூரத்தில் இருந்துகொண்டு, நீ இங்கே வந்து இரண்டு வருடம் ஆகிறது. அப்பா கேட்டுக்கொண்டே இருக்கிறார். அவருக்கு முழங்கால் பரவாயில்லை. நான் வீட்டுக்குள் நுழைந்ததும், "உன் பூச்சியெல்லாம் சாப்பிட்டுச்சா?" என்று கேட்பதில் மட்டும் ஒரு நாளும் தவறுவதில்லை. நான் சாப்பிட்டேனா என்பது அடுத்த கேள்விதான்.

இப்போது சேதியைக் கேள். எங்கள் வியாழக்கிழமை செமினாரில் வருகிற இருபதாம் தேதி உன் கட்டுரை! எங்கள் பேராசிரியர் புதிதாக வந்த கட்டுரைகளில் வாரம் ஒன்றை எடுத்துப் போடுவார். வழக்கம் உனக்குத் தெரியாதே, சொல்கிறேன். பன்னிரண்டு நாற்காலி உள்ள அறை. கை வைத்த நாற்காலி ஒன்றே ஒன்று, அதற்குப் பெயர் 'எழுதினவர் நாற்காலி'. அதில் உட்காருகிறவர் கட்டுரையை எழுதியவராகவே பேச வேண்டும். 'அவர்கள் இப்படிச் செய்தார்கள்' என்று சொல்லக் கூடாது, 'நான் செய்தேன்' என்றுதான் சொல்ல வேண்டும். மற்றவர்கள் பிய்த்து எடுப்பார்கள். பதில் சொல்ல முடியாத கேள்வியைப் பலகையின் மூலையில் எழுதிக் கட்டம் போடுவார்கள். நாற்காலியில் உட்கார்ந்தவர் பதிலோடு வந்து தன் கையால் அழிக்கும்வரை அது அங்கேயே இருக்கும். அதற்குப் பெயர் மூலைக் கேள்வி.

யார் உட்காருகிறீர்கள் என்று கேட்டார் பேராசிரியர். நான் கை தூக்கிய வேகத்தில் பக்கத்திலிருந்தவளின் டீ கொட்டியது. அன்றைக்கு நான்தான் நீ! ஒல்லியாகத் தெரிய வேண்டுமே என்றுதான் கவலை.

கேள்வி வந்தால் என்ன சொல்ல வேண்டும் என்று எழுது. முதலாண்டில் ஒருத்தி வந்திருக்கிறாள், நாங்கள் வைத்த பெயர் 'ஏன்'. வாயைத் திறந்தால் அந்த ஒரு வார்த்தைதான். அவளுக்காகத் தயார் செய்.

என்றும் உன்
பூசணி


பிப்ரவரி 17

அடி நானே,

மற்ற எல்லாக் கேள்விக்கும் நீ தூங்கிக்கொண்டே பதில் சொல்வாய். நாலாவது படம் ஒன்றுதான் தொல்லை. சந்தை அடைத்தும் புளிப்பு ஏன் அவ்வளவாகக் குறையவில்லை என்று ஒவ்வொரு தடவையும் கேட்டே திருப்பி அனுப்பினார்கள். இன்னொரு சின்ன வழி இருக்கிறது, அதன் வழியாகவும் புளிப்பு வரும், பழைய கட்டுரைகள் இரண்டு இருக்கின்றன என்று சொல். சத்தமாகச் சொல். சத்தமாகச் சொன்னால் பாதிப் பேர் நம்பிவிடுவார்கள். நானே அப்படித்தான் நம்பினேன்.

மகளுக்குப் பால் பல் விழுந்தது. இவர் ஆபீசிலிருந்து மூன்று மணிக்கே வந்து அவளைப் பார்த்துக்கொள்கிறார். மேலதிகாரி முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கிறதாம். "மே வரைக்கும்தானே, சமாளிச்சுக்கலாம்" என்கிறார். எட்டு வருடத்தில் இந்த மனிதர் ஒரு தடவைகூட 'எப்போ முடியும்' என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் பரவாயில்லை என்று சில நாள் தோன்றுகிறது.

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார். நான் கூன் போடமாட்டேன்.

ஒட்டடை


மார்ச் 1

அன்புள்ள ஒட்டடைக்கு,

இதை நான்காவது முறையாக எழுதுகிறேன். முதல் மூன்றையும் கிழித்துவிட்டேன். சுற்றி வளைத்தால் இதுவும் கிழியும் என்பதால் நடந்ததை நடந்த வரிசையில் எழுதிவிடுகிறேன்.

செமினார் முதலில் நன்றாகத்தான் போயிற்று. நான் நீயாக உட்கார்ந்து, உன்னைப் போலவே கையை ஆட்டி ஆட்டிப் பேசினேன். பேராசிரியரே சிரித்தார். பிறகு 'ஏன்' கை தூக்கினாள்.

"சந்தை மூடிட்டீங்கன்னா புளிப்பு ஏன் குறையல?"

"இன்னொரு சின்ன வழி இருக்கு," என்றேன், சத்தமாக.

"அந்த வழி இவ்வளவு புளிப்பு குடுக்குமா? ஸ்ட்ரெயின் வந்ததும் சந்து நிஜமாவே மூடியிருக்கான்னு நீங்க சோதிச்சுப் பாத்தீங்களா?"

"நம்பிக்கையான எடத்துலேர்ந்து வந்தது. சோதிக்கத் தேவைப்படல."

"எந்த எடம்?"

"இந்த எடந்தான்," என்றேன். அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அவள் உட்காரவில்லை. "அப்ப இங்கேர்ந்து அனுப்பறதுக்கு முன்னாடி யாராவது சோதிச்சாங்களா?"

மூலையில் எழுதிக் கட்டம் போட்டார்கள்: 'ஸ்ட்ரெயின் சோதிக்கப்பட்டதா?'

அவள் வாயை அடைக்கலாம் என்றுதான் திங்கள்கிழமை காலை ஃப்ரீசரைத் திறந்தேன். ஒட்டடை, நாலு வருடமாக அந்த ஃப்ரீசருக்கு நான்தான் பொறுப்பு. கொஞ்சம் சுரண்டி உனக்கு அனுப்பியபின் அந்த டியூபின் தலையில் பச்சைப் பொட்டு வைத்தது ஞாபகம் இருந்தது. பெட்டியில் எண்பத்தொரு குழி. எது எந்தக் குழி என்ற வரைபடம் மூடியில் ஒட்டியிருக்கும். முதல் வரிசை மூன்றாம் குழி நம்முடையது. எடுத்தேன். பொட்டு இல்லை. உள்ளே உறைந்திருந்தது வழவழவென்று இருந்தது, ஒரு கீறல்கூட இல்லை. அதை யாருமே தொட்டதில்லை.

பொட்டு வைத்த டியூப் நேர் எதிர் மூலையில், கடைசி வரிசை ஏழாம் குழியில் இருந்தது.

அன்றைக்கு மூடி திரும்பி இருந்திருக்கிறது. அவ்வளவுதான் நடந்தது. யாரோ மூடியைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள், யாரோ என்ன, நானாகத்தான் இருக்கும். வரைபடத்தைப் பார்த்து எண்ணியிருக்கிறேன். டியூபின் மேல் பனி மூடியிருந்ததால் எழுத்தைத் துடைத்துப் படிக்கவில்லை. இரண்டிலிருந்தும் டிஎன்ஏ எடுத்து, சந்து மூடியிருக்கிறதா என்று ஜெல்லில் ஓட்டிப் பார்த்தேன், மூன்று தடவை. உனக்கு நான் அனுப்பியதில் சந்து அகலத் திறந்து கிடக்கிறது.

அது என்ன ஸ்ட்ரெயின் என்றும் தெரியவில்லை. எனக்கு முன்னால் இருந்த சீனியர் மாதக்கணக்காக வளர்த்து வளர்த்துத் தேற்றிய ஏதோ ஒன்று. குறிப்பேட்டில் ஒரு வரி இல்லை, ஆளும் துறையை விட்டே போய்விட்டார். உன் மூன்று மடங்கு பொய் இல்லை. ஆனால் அது ஏன் வந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. நீ சொன்ன காரணம் மட்டும் இல்லை.

வெளி லேபுக்கு எது அனுப்பினாலும் சோதித்து, ஜெல் படம் எடுத்து, தேதி போட்டு, கூடவே வைத்து அனுப்புவேன். உனக்கு அனுப்பும்போது படத்துக்குப் பதில் கடிதம் வைத்தேன். நீ அவசரம் என்று எழுதியிருந்தாய். உன்னைக் காக்க வைக்க மனமில்லை.

என்னைத் திட்டு. எதையாவது எழுது. முதலில் உன் டியூபைச் சோதித்துப் பார். நான் தவறாக ஓட்டியிருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

பூசணி


மார்ச் 8

பூசணி,

சோதித்தேன். நீ சரியாகத்தான் ஓட்டியிருக்கிறாய்.

கோபம் இல்லை என்று எழுத நினைத்தேன். பொய் எழுத வரவில்லை. உன் கடிதம் கையில் கிடைத்தபோது அத்தியாயம் இரண்டை முடித்திருந்தேன். படித்துவிட்டு, சமையலறையில் நின்று, அடுப்பை எதற்குப் பற்றவைத்தேன் என்று தெரியாமல் அணைத்தேன். இவர் வந்து "என்னாச்சு?" என்றார். சொன்னேன். அவருக்குப் புரிய வெகுநேரம் ஆயிற்று. புரிந்ததும், "அப்ப மறுபடியும் முதல்லேர்ந்தா?" என்றார். எட்டு வருடத்தில் என் ஆய்வைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி.

என்னையும் திட்டிக்கொள்கிறேன். ஒரே ஒரு நாள் வேலை, நானும் சோதித்திருக்கலாம். நாலாவது படம் என் கண்ணுக்கு எதிரே நின்று கத்தியது. நான்தான் கேட்கவில்லை. ஆனால் உன்னைத் திட்டுவது எளிதாக இருக்கிறது. இப்போதைக்கு அதையே செய்கிறேன்.

மே 31க்கு எண்பத்துநான்கு நாள் இருக்கிறது. சரியான ஸ்ட்ரெயினை வைத்து எல்லாவற்றையும் மறுபடி செய்ய ஒன்றரை வருடம் வேண்டும். எப்படிக் கூட்டிக் கழித்தாலும் அது மாறவில்லை.

ஒட்டடை


மார்ச் 15

பூசணி,

உன் பதிலுக்குக் காத்திராமல் எழுதுகிறேன்.

கைடிடம் சொன்னேன். கதவைச் சாத்தச் சொன்னார். நெடுநேரம் பேனாவின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். பிறகு, "இதை யாரெல்லாம் பார்த்தாங்க?" என்றார். நீயும் நானும் என்றேன். "அனுப்பினவங்க அன்னிக்கே சோதிச்ச படம் ஒண்ணு இருந்தா, நம்ம ஃபைல்ல வெச்சிடலாம். ஆய்வேடு போகட்டும். பட்டம் கையில வந்தப்புறம், திருத்தம் எதுவா இருந்தாலும் நிதானமா எழுதிக்கலாம்" என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. டிசம்பரில் ஓய்வு பெறுகிறார். நான்தான் அவருடைய கடைசி மாணவி.

ஒரு படம் போதும், பூசணி. சந்து மூடிய ஸ்ட்ரெயினை வெளியே அனுப்பும்போதெல்லாம் நீ எடுத்த படங்கள் இருக்குமே. அதில் ஒன்றில் அன்றைய தேதி. அவ்வளவுதான். இதைக் கேட்க எனக்கு எப்படி இருக்கிறது என்று உனக்குத் தெரியும். தெரியும் என்பதால்தான் உன்னிடம் கேட்கிறேன். வேறு யாரிடம் கேட்பேன்?

இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பார். அதை இப்போது என்னால் தாங்க முடியாது.

ஒட்டடை


மார்ச் 28

என் ஒட்டடைக்கு,

படத்தை எடுத்தேன். உனக்கு அனுப்பிய அதே மாதத்தில் வேறொரு லேபுக்காக, இதே ஸ்ட்ரெயினின் இன்னொரு டியூபிலிருந்து எடுத்த படம். தேதியை முழுசாக மாற்ற வேண்டியதுகூட இல்லை, பத்து நாள்தான் வித்தியாசம், முன்னால் பேனாவால் ஒரு கோடு. மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன் பெண்ணை நினைத்தேன், மூன்று மணிக்கு ஆபீஸ் படியிறங்கும் உன் வீட்டுக்காரரை நினைத்தேன். கோடு போட்டால் உனக்குப் பட்டம். எனக்கு நீ. எனக்கு வேண்டியதும் அதுதான், ஒளிக்காமல் சொல்கிறேன்.

இதற்கு நடுவே ஒவ்வொரு வியாழனும் அந்தக் கேள்வி மூலையில் இருந்தது. பேராசிரியர் உள்ளே வந்ததும் பேனாவால் அதைச் சுட்டுவார். "ஒரு வாரம் வேணும் சார்" என்பேன். நாலு வாரம் அப்படிச் சொன்னேன். நேற்று அறைக்கு வெளியே 'ஏன்' என்னிடம் வந்தாள். "அக்கா, அந்தக் கேள்விய நான் வாபஸ் வாங்கிக்கறேன். உங்களுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்குன்னு தெரியுது. தெரியாம கேட்டுட்டேன்" என்றாள். கண் கலங்கியிருந்தது. அவள் கேட்டது சரியான கேள்வி, ஒட்டடை. அதைக் கேட்டதற்காக என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

உள்ளே போனேன். கை வைத்த நாற்காலியில் உட்காரவில்லை. பலகைக்குப் பக்கத்தில் நின்று, "சோதிக்கப்படல. அனுப்பினது நான். அனுப்பினது தப்பான டியூப்" என்று சொன்னேன். அழித்தேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அந்த அறையில் ஒரு கேள்விகூட வராமல் இருந்து நான் பார்த்ததில்லை.

பேராசிரியர் பிறகு கூப்பிட்டார். தவறைப் பத்திரிகைக்கு நீயே எழுத மூன்று வாரம் காத்திருப்பதாகச் சொன்னார். உன் மேல் எந்தக் குற்றமும் வராதபடி, எல்லாம் என் தவறு என்று எழுதிக் கையெழுத்திட்ட தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். அதைக் காட்டி இன்னொரு நீட்டிப்புக் கேட்டுப் பார். நானே வந்து உன் பதிவாளரின் முன் நிற்கிறேன். எப்போது வர வேண்டும் என்று மட்டும் எழுது, அன்றைக்கே ரயில் ஏறுகிறேன்.

சொல்வதற்கு முன் உன்னிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் சொல்லியிருக்கமாட்டேன். அதனால் கேட்கவில்லை. இதை நீ மன்னிக்க வேண்டும் என்று எழுதக் கை வரவில்லை. ஆனால் பேசாமல் மட்டும் இருந்துவிடாதே. திட்டினாலும் எழுது.

உன்
பூசணி


மே 6

ஒட்டடை,

ஐந்து வாரம் ஆயிற்று. தினமும் தபால்பெட்டியைத் திறந்து பார்க்கிறேன். அப்பாகூடக் கேட்பதை விட்டுவிட்டார். தொலைபேசியில் அழைத்தேன், உன் மகள்தான் எடுத்தாள். "அம்மா குளிக்கறாங்க" என்றாள். மறுநாளும் குளித்துக்கொண்டிருந்தாய்.

கட்டுரையைத் திரும்பப் பெற்ற அறிவிப்பைப் பார்த்தேன். 'அனுப்பியவரின் தவறு' என்ற வார்த்தையே அதில் இல்லை. 'சோதிக்கத் தவறினேன்' என்று எல்லாவற்றையும் உன் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறாய். நான் கொடுத்த தாளை ஏன் வைக்கவில்லை? நீட்டிப்புக் கேட்டாயா? என்ன சொன்னார்கள்?

ஒரு வரி. ஒரே ஒரு வரி எழுது.

பூசணி


ஜூலை 2

பெறுநர்:
பொறுப்பாளர், ஸ்ட்ரெயின் சேமிப்பு.

பொருள்: ஸ்ட்ரெயின் அனுப்பக் கோருதல்.

மதிப்பிற்குரிய பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். எனது முந்தைய ஆய்வுப் பதிவு மே 31 அன்று முடிவுற்று நீக்கப்பட்டதால், ஜூன் மாதம் புதிதாகப் பதிவு செய்துள்ளேன். புதிய வழிகாட்டியின் ஒப்புதல் இணைக்கப்பட்டுள்ளது. முன்பு தங்களிடமிருந்து பெற்ற டியூப் எங்கள் விதிகளின்படி அழிக்கப்பட்டுவிட்டது.

பக்க வழி மூடப்பட்ட ஸ்ட்ரெயினை, தேதியிட்ட ஜெல் படத்துடன் அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். டியூபை எடுப்பதையும் சோதிப்பதையும் தங்களைத் தவிர வேறொருவர் செய்தால் நல்லது. பொட்டலத்தில் டியூபும் படமும் இருந்தால் போதுமானது. கடிதம் எதுவும் வைக்க வேண்டாம்.

நன்றி.

இப்படிக்கு,
(கையொப்பம்)
முதலாண்டு ஆய்வு மாணவி